நான்கு சக்கரத்தில் நிற்கும் முக்காலி

கேள்வி: ஐயா, வணக்கம். என் வீட்டுக்காரர் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், புக்கிட் மெர்தாஜாமில் மாச்சாங் பூபோக் பக்கம் நான்கு ஏக்கர் நிலம் வாங்கினோம். இரண்டரை ஏக்கர் சமதளம்; வாழையும் தென்னையும் இருக்கின்றன. மீதி ஒன்றரை ஏக்கர் குன்றுச் சரிவு. அங்கே டுரியான் மரங்களும், வெட்டிய கித்தா (ரப்பர்) மரங்களின் அடிக்கட்டைகளும். ஓரமாக ஆழமான கால்வாய் ஓடுகிறது. லாலாங் புல் வெட்ட, எரு ஏற்ற, பழம் இறக்க, அந்தக் கட்டைகளைப் பிடுங்க ஒரு டிராக்டர் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் பழைய மாசி பெர்குசன் 135 ஒன்றை 8,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறார். மகன், ஜப்பானிலிருந்து வந்த 24 எச்.பி. சிறு டிராக்டரை, முன்னால் லோடரோடு (மண், எரு அள்ளித் தூக்கும் வாளி), பார்த்து வைத்திருக்கிறான். ஒரு கடைக்காரர் நடுவில் மடிந்து திரும்பும் இத்தாலிய டிராக்டரைக் காட்டினார். "எடை இருந்தால் கவிழாது, பெரியதையே வாங்குவோம்" என்கிறார் இவர். என் சின்ன மாமா தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து இறந்தவர். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. எது கவிழாது, சொல்லுங்கள்.
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வணக்கம் அம்மா. கவிழாத டிராக்டர் என்று ஒன்று கிடையாது. "இது கவிழவே கவிழாது" என்று யாராவது விற்க வந்தால் அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எது சுலபத்தில் கவிழாது, தப்பித் தவறிக் கவிழ்ந்தாலும் எது ஆளைக் கொல்லாது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்க முடியும். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் கிரீஸ் பூசியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பேச்சு. எடை இருந்தால் கவிழாது என்பது பாதி சரி. இடுப்பில் குடம் வைத்து நடப்பவருக்கும் தலையில் குடம் வைத்து நடப்பவருக்கும் ஒரே எடைதான். தடுக்கினால் யார் குடம் முதலில் உடையும்? எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் கீழே கால்கள் எவ்வளவு அகலமாக ஊன்றியிருக்கின்றன, இதுதான் கணக்கு.

கால்கள் விஷயத்தில் டிராக்டர் நம்மை ஏமாற்றும். அடுத்த முறை பார்க்கப் போகும்போது முன்பக்கம் குனிந்து பாருங்கள். முன் அச்சு உடலோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்காது; நடுவில் ஒரே ஒரு தடித்த இரும்பு ஆணியில் ஊஞ்சல் மாதிரி தொங்கும். மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் மண்ணைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதனால், பார்வைக்குக் கட்டில் போல நான்கு காலில் நிற்கும் வண்டி, உண்மையில் முக்காலி போலத்தான் நிற்கிறது. பின் சக்கரங்கள் இரண்டு கால், முன்னால் அந்த ஆணி மூன்றாவது கால். இந்த முக்கோணத்தை விட்டு எடையின் மையம் வெளியே போனால் வண்டி சாயத் தொடங்கும். முன் அச்சு ஒரு கட்டத்தில் முட்டி நிற்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் வண்டிக்குச் சாயும் வேகம் வந்திருக்கும். "முன் சக்கரத்தை அகலமாக்கிவிட்டேன், இனி பயமில்லை" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பக்கவாட்டில் தாங்குவது பின் சக்கரங்களின் அகலம்தான்.

சரி, பக்கவாட்டில் கவிழ்வது ஒரு வகை. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று: கட்டைகளைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது.

1980களில், தென் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் எனக்கு வேலை. இருபத்து நான்கு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒரு கித்தாக் கட்டை. சங்கிலியை டிராபாரில் (வண்டிக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மாட்டினால் தாழ்வாக இருக்கிறது, கட்டை மண்ணிலேயே உழுகிறது. கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினால் கட்டையும் தூக்கிக்கொண்டு வருமே என்று, சீட்டுக்குப் பின்னால், ஏரைப் பிடிக்கும் மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டும் துளையில் சங்கிலியைக் கோத்தேன். முதல் கியர், கிளட்சை விட்டேன். கட்டை அசையவில்லை. பின் சக்கரமும் சுற்றவில்லை. அப்புறம் எஞ்சின் சும்மா இருக்குமா? சக்கரத்தைச் சுற்ற முடியாவிட்டால் அது வண்டியையே அச்சைச் சுற்றித் தூக்கும். எதிரே இருந்த மரங்கள் காணாமல் போயின; பானெட்டும் அதற்கு மேலே வானமும்தான் தெரிந்தன. என் கால் பயத்தில் கிளட்சின் மேல் விழுந்தது, தைரியத்தில் இல்லை. முன் சக்கரங்கள் தொப்பென்று இறங்கின, என் சாப்பாட்டுத் தூக்கு எகிறிப் போய்க் கால்வாயில் விழுந்தது. பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர் மீட்க முடியாத நிலையைத் தாண்ட முக்கால் வினாடி போதும். தலைகீழாக விழ ஒன்றரை வினாடி. யோசித்துக் கிளட்சை மிதிக்க அதில் நேரமே இல்லை. எனக்குக் கால் தவறி விழுந்தது அதிர்ஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த டாப் லிங்க் என்பதே டிராக்டர் பின்னால் கவிழக் கூடாது என்பதற்காகவும் வந்தது. ஹாரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய மும்முனை இணைப்பில், ஏர் ஒரு வேரிலோ பாறையிலோ சிக்கினால் மேல் கம்பி டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, முன் சக்கரத்தை மண்ணோடு அழுத்தும். அதற்கு முந்தைய டிராக்டர்கள் ஏர் சிக்கியதும் குதிரை மாதிரி எழும்பி ஓட்டுபவர் மேலேயே விழுந்தன. ஆனால் அதே துளையில் சங்கிலியைக் கட்டி இழுத்தால், காப்பாற்ற வந்தது கவிழ்க்கும் நெம்புகோலாகிவிடும். இழுப்பதென்றால் டிராபாரில் மட்டும். பின் அச்சுக்கு மேலே எங்கும் சங்கிலி ஏறக் கூடாது. சேற்றில் மாட்டிக்கொண்டால், சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன்னால் ஏற்றப் பார்க்காதீர்கள், ரிவர்சில் பின்னால் எடுங்கள்.

உங்கள் கட்டைகளைப் பொறுத்தவரை டிராக்டரையே மறந்துவிடுங்கள். ஒரு மினி எக்ஸ்கவேட்டரை ஆளோடு ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் தோண்டி முடித்துவிடுங்கள். கித்தாக் கட்டையை மண்ணில் விட்டால் வெள்ளை வேர் நோய் அதில் குடியிருந்து பக்கத்து மரங்களுக்குப் பரவும் என்பதால் எடுப்பது நல்லதுதான். அதற்கு டிராக்டர் தேவையில்லை என்கிறேன், அவ்வளவே. தோண்ட ஆள் வரும்போதே சரிவில் மண்ணை வெட்டிப் படி படியாக மேடை அமைத்துவிடலாமே என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தோன்றும். பினாங்கில் 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலை நிலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் மண்ணில் கை வைக்கக் கூடாது. நில அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி, கவிழ்ந்தாலும் கொல்லாத விஷயம். ஓட்டுபவர் தலைக்குப் பின்னால் நிற்கும் இரும்புச் சட்டம், ரோல் பார் என்போமே, அது. அதோடு இடுப்பு பெல்ட். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். சட்டம் மட்டும் இருந்து பெல்ட் போடாவிட்டால், வண்டி சாயும்போது ஆள் தூக்கி வீசப்பட்டு அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே போய் விழுவார். பெல்ட் போட்டால் சட்டம் காக்கும் இடத்துக்குள் ஆள் இருப்பார். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே கவிழ்ந்து சாவது பிறகு அநேகமாக இல்லாமலே போயிற்று. அமெரிக்காவில் 20 எச்.பி.க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களில் தயாரிப்பாளர்களே 1985 முதல் மாட்டி விற்கிறார்கள். உங்கள் சின்ன மாமா காலத்துத் தோட்ட டிராக்டர்களில் சீட்டும் ஸ்டியரிங்கும்தான் இருந்தன. நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்ததும் யாராவது, "நம்ம கேட் செய்யும் பையனிடம் சொன்னால் இரண்டு அங்குலக் குழாயில் வளைத்து வெல்டிங் அடித்துத் தருவானே" என்பார்கள். வேண்டாம். அசல் சட்டம் எவ்வளவு வளையலாம், எங்கே முறியக் கூடாது என்று ஆலையில் சோதித்துச் செய்யப்பட்டது. அதில் ஒரு தகடு அறைந்து எந்த மாடலுக்கு உரியது என்று எழுதியிருக்கும். பந்தல் கால் மாதிரி நிற்கும் குழாய், ஒன்றரை டன் வண்டி மேலே வந்தால் மடங்கும், இல்லை வெல்டிங்கில் பிய்த்துக்கொள்ளும். அசல் சட்டத்திலும் விளக்கு மாட்ட, குடை மாட்ட என்று துளை போடாதீர்கள். மடக்கும் வகை என்றால் மடக்காமல் ஓட்டுங்கள். டுரியான் கிளை இடித்தால் கிளையை வெட்டுங்கள். மடக்கித்தான் ஆக வேண்டிய சமயம் வந்தால் அப்போது மட்டும் பெல்ட் போடக் கூடாது.

இப்போது உங்கள் மூன்று வண்டிகள்.

அந்த 135. எனக்கு அந்த வண்டி மேல் பாசம் உண்டு. 1964இல் வந்தது, உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது, எஞ்சின் உழைக்கும். ஆனால் நீங்கள் சொல்லும் வண்டி பின் சக்கரம் மட்டும் ஓடுவது. இந்த வகையில் எடையில் பத்தில் ஏழு பங்கு பின் அச்சில், மூன்று பங்குதான் முன்னால். சரிவில் இறங்கும்போது பிரேக்கும் பின் சக்கரத்துக்கு மட்டும். அந்த நேரத்தில் எடை முன்னால் போய்விடுவதால் பின் சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். மழை விட்ட பிறகு நம் ஊர்ச் செம்மண் சோப்பு தேய்த்த மாதிரி இருக்கும், உங்களுக்கே தெரியும். அதன் மேல் ரோல் பார் இல்லை. 8,000 வெள்ளி என்பது வண்டியின் விலை மட்டும்தான் அம்மா. அந்த மாடலுக்குரிய அசல் சட்டமும் பெல்ட்டும் கிடைத்து மாட்டினால், சமதளத்துக்கு மட்டும் என்றால், யோசிக்கலாம். இல்லாவிட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தாலிய வண்டி. நான்கும் ஒரே அளவுச் சின்னச் சக்கரம், தாழ்ந்த உடம்பு, முன்பக்கம் பாரம் அதிகம். திராட்சைத் தோட்டச் சரிவுகளுக்காகவே வளர்ந்த வடிவம் அது, மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்காது. மூன்றில் உறுதியான நிற்பு இதற்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பு மடிந்து திரும்புவதில் ஒரு சங்கதி இருக்கிறது: முழுதாக வளைந்து நிற்கும்போது எடை ஒரு பக்கமாகப் போய்விடும். இப்படி மடியும் லோடர்களின் விவரப் பட்டியலில், நேராக நிற்கும்போது தாங்கும் சுமை ஒன்று, முழுதாக வளைந்து நிற்கும்போது தாங்குவது அதைவிடக் குறைவாக இன்னொன்று என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். சரிவில் வளைத்து, சுமையை உயர்த்தினால் இதுவும் உருளும். அதைவிட எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. ஒரு ஹைட்ராலிக் சீல் போனால் இரண்டு மாதம் வண்டி கொட்டகையில் நிற்குமா? கடைக்காரரிடம் ஃபில்டரும் சீலும் இப்போதே அலமாரியில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் பேசலாம். நான்கு ஏக்கருக்கு அந்த விலை கொடுப்பது உங்கள் பாடு.

மகன் பார்த்த 24 எச்.பி. வண்டி. நான் இதன் பக்கம்தான், சில திருத்தங்களோடு. ஜப்பானிலிருந்து பழையதாக வரும் சிறு டிராக்டர்களில் பல அங்கே நெல் வயலில் உழுதவை. வயலுக்காக டயர் ஒடுங்கியும், அடிவயிறு உயர்ந்தும் இருக்கும். நெல்லுக்கு அது சரி. நம் மேட்டு நிலத்துக்கு நேர் எதிர். அதனால் முதலில் டேப் எடுத்துப் பின் டயரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் சக்கரத் தட்டைத் திருப்பிப் போட்டே அகலத்தைக் கூட்டலாம். அப்புறம் பின் டயரில் தண்ணீர் நிரப்புங்கள். வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை விட்டால் முக்கால்வாசி நிறையும், மீதிக்குக் காற்று. குளிர் தேசத்தில் உறையாமல் இருக்க உப்புக் கலப்பார்கள், நமக்கு வெறும் தண்ணீர் போதும். டியூப் இல்லாத டயர் என்றால் ரிம் துருப்பிடிக்கும், டியூப் போட்டுக்கொள்ளுங்கள். காசு செலவில்லாமல் பாரத்தைத் தரையோரம் இறக்கும் வழி இதுதான், இடுப்பில் வைத்த குடம்.

ரோல் பார் இருக்கிறதா, நான்கு சக்கர ஓட்டம் வேலை செய்கிறதா என்பது இரண்டாவது. சரிவில் இறங்கும்போது நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொண்டால் முன் சக்கரமும் பிடித்து நிறுத்தும். இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி ஒன்று உண்டு, பழைய வண்டியில் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும். அது இல்லாமல் வாங்காதீர்கள். ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழன்று கவிழும். பின்னால் ஸ்லாஷருக்கு (புல் வெட்டும் கருவி) எஞ்சின் சக்தியைக் கொண்டுபோகும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. அதன் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். கைலியோ துண்டோ மாட்டினால் இழுத்து நிறுத்த யாராலும் முடியாது.

லோடர் வேண்டுமா? எரு அள்ள ஆசையாகத்தான் இருக்கும். வாளி நிறைய மண்ணோடு மேலே தூக்கிய நேரம், குடம் மறுபடியும் தலைக்கு ஏறிவிடுகிறது. அதே நேரத்தில் பின் சக்கரத்தின் பாரம் குறைந்து முன் அச்சுக்குப் போகிறது, அந்த அச்சு ஒரே ஆணியில் ஆடுவது. வாளி முழங்கால் உயரத்துக்கு மேலே போகாமல் ஓட்டினால், பின்னால் ஸ்லாஷரையோ ஒரு பாரப் பெட்டியையோ மாட்டிக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், லோடரைக் கழற்றி விலையைக் குறைத்து, அந்தக் காசுக்கு ஒரு தாழ்வான சின்ன டிரெய்லர் வாங்குவேன்.

கடைசியாக அந்த ஒன்றரை ஏக்கர் சரிவு. ஒரு மீட்டர் நீளப் பலகை, ஒரு ரசமட்டம், ஒரு டேப் எடுத்துக்கொண்டு நீங்களும் வீட்டுக்காரரும் நாளைக் காலையிலேயே ஏறுங்கள். பலகையின் ஒரு நுனியைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, மறு நுனியைத் தூக்கி மட்டமாகப் பிடியுங்கள். தூக்கிய நுனிக்கும் தரைக்கும் இடைவெளி 18 சென்டிமீட்டர் என்றால் சரிவு 10 டிகிரி. 27 என்றால் 15 டிகிரி. சிறு டிராக்டருக்கு 15க்கு மேல் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. நான் நம் மண்ணுக்கு 10 என்று வைத்திருக்கிறேன். ஏனென்றால் எல்லை என்பது பலகை மாதிரி சமமான சரிவுக்கு. சக்கர அகலம் ஒரு மீட்டர் உள்ள வண்டியில், மேல்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கட்டை ஒன்றில் ஏறினால் போதும், இன்னும் எட்டு டிகிரிக்கு மேல் கூடிவிடும். லாலாங்குக்குள் கட்டை இருப்பது ஏறிய பிறகுதான் தெரியும்.

பத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஓட்டும் எதுவும் வேண்டாம், அந்த இத்தாலிய வண்டியும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷினும் ஒரு ஆளும் போதும். பழம் விழ டுரியான் மரத்தடியில் வலை கட்டி, பழத்தைக் கூடையில் நடைபாதைக்கு இறக்கி, டிராக்டர் பாதையோரத்தில் காத்திருக்கட்டும். ஆள் வைக்கிறீர்கள் என்றால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) பதிந்துவிடுங்கள், வெளிநாட்டு ஆளுக்கும் 2019 முதல் அது உண்டு.

பத்துக்குக் கீழே உள்ள இடத்தில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். பாரமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்க்கட்டும்: பின்னால் ஸ்லாஷர் இருந்தால் ரிவர்சில் ஏறி முன்னால் இறங்குவது. இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் கிளட்சை மிதித்தால் வண்டி கட்டவிழ்ந்த மாடுதான். திரும்பும்போது வேகத்தை இரண்டு மடங்காக்கினால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்கு. கால்வாய் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் கரையிலிருந்து தள்ளியே சக்கரம் போக வேண்டும். ஆறடி ஆழம் என்றால் ஆறடி. நான்கு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால், மட்கார்டில் உட்கார வைத்து ஒரு சுற்று என்று தாத்தா சொல்லும் அன்றைக்குச் சாவியை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரில் ஒரு சீட், ஒரு ஆள்.

மூன்று அளவு எனக்கு எழுதி அனுப்புங்கள்: சரிவில் மூன்று நான்கு இடத்தில் பலகைக்கு அடியில் வந்த சென்டிமீட்டர், கால்வாயின் ஆழம், மகன் பார்த்த வண்டியின் பின் டயர் அகலம். வண்டியின் மாடல் தகட்டையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பான் எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. முன்பணம் மட்டும் அதுவரை கொடுக்க வேண்டாம்.